8 ஜிபி லேப்டாப், முறை வச்சு வர்ற கரண்ட், ஹாட்ஸ்பாட் நெட்: பர்மாவுல இருந்துக்கிட்டு டாக்கர் போடுறது எப்படி

பெகுல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. பைத்தான் ஓரளவு தெரியும், அப்பாவோட உளுந்து, துவரை கடைக்கு சரக்கு கணக்கு வைக்க சின்னதா ஒரு புரோகிராம் எழுதணும்னு ஆசை, பாடம் சொல்லிக்கொடுக்கிறவர், புரோகிராமை அதுக்கு வேண்டியதோட ஒண்ணா கட்டி ஓட்டுற டாக்கர்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டுக்கிட்டு வான்னுட்டார். லேப்டாப்ல விண்டோஸ் 10, ரேம் 8 ஜிபி, நெட்டு போன் ஹாட்ஸ்பாட்ல, கரண்ட் முறை வச்சுதான் வருது. டாக்கர் டெஸ்க்டாப் போட்டதும் மெஷின் திணறுது, அப்புறம் ஒரு பாடத்தைப் பார்த்து என்னென்னவோ இறக்க ஆரம்பிச்சதுல டேட்டா பேக்கும் காலி. இது உண்மையிலேயே வேணுமா, வேணும்னா எப்படி ஒழுங்கா போடுறதுன்னு கேக்குறார்.

தம்பி, வேணும். ஆனா நீங்க போன வழி உங்க மெஷினுக்கும் நம்ம ஊரு நிலைமைக்கும் ஒத்து வராது. நெட்ல கிடைக்கிற பாடம் முக்கால்வாசி கரண்டும் நெட்டும் எந்நேரமும் இருக்கிற ஆளுங்க எழுதினது, ஏதாவது சிக்கல்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு திரும்ப இறக்கிக்கோன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிருவாங்க. நமக்கு இறக்கினது ஒவ்வொண்ணும் காசு. அதனால நான் கீழ சொல்றதெல்லாம் ஒரே நோக்கத்துல சொல்றது, ஒரு தடவை இறக்கினா அதுக்கப்புறம் நெட் இல்லாமலே வேலை ஓடணும், கரண்ட் போனாலும் கடைக் கணக்கு போகக்கூடாது.

கமாண்டெல்லாம் வாயால சொல்ற மாதிரியே தமிழ்ல எழுதியிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ் எழுத்துல, சின்ன எழுத்துலயே அடிங்க. டேஷ்னா ஒரு சின்னக் கோடு, ரெட்டை டேஷ்னா இடைவெளி விடாம ரெண்டு கோடு.

முதல்ல கன்டெய்னர்னா என்னன்னு ஒரு தெளிவு வந்துரட்டும், இது தெரியாம கமாண்டை மனப்பாடம் பண்ணினா முதல் எர்ரர்லயே நின்னுருவீங்க. உங்க புரோகிராமுக்கு பைத்தான் ஒரு குறிப்பிட்ட வெர்ஷன் வேணும், அதுக்கு சில லைப்ரரி வேணும், டேட்டாபேஸ் வேணும், இதையெல்லாம் ஒண்ணா கட்டி வச்ச ஃபைல் மூட்டைக்குத்தான் இமேஜ்னு பேரு. அந்த இமேஜ்ல இருந்து ஓட விடுற புரோகிராமுக்குப் பேரு கன்டெய்னர். பழைய போட்டோ நெகடிவ் மாதிரி வச்சுக்கங்க, ஒரு நெகடிவ்ல இருந்து எத்தனை பிரிண்ட் வேணாலும் போடலாம், பிரிண்ட்ல பேனாவால கிறுக்கினாலும் கிழிச்சுப் போட்டாலும் நெகடிவுக்கு ஒண்ணும் ஆகாது. கன்டெய்னரை அழிச்சா இமேஜ் போகாது, அதே சமயம் கன்டெய்னருக்குள்ள நீங்க எழுதி வச்சது அதோடயே போயிரும். ரெண்டாவதா சொன்னதை மனசுல இறுக்கி முடிஞ்சுக்கங்க, கடைக் கணக்கு பத்திப் பேசும்போது அதுதான் முக்கியம்.

இது தனியா ஒரு கம்ப்யூட்டரை உள்ளுக்குள்ள ஓட்டுற வேலை இல்ல. சிஸ்டத்தோட மையமான லினக்ஸ் கெர்னல் ஒண்ணுதான் இருக்கும், அதுலயே ஒவ்வொரு புரோகிராமும் மத்ததைப் பாக்க முடியாம தடுப்பு போட்டு வைக்குது. யுனிக்ஸ்ல 1979லயே சிரூட்னு இதுக்கு ஒரு ஆரம்பம் இருந்துச்சு, அப்புறம் ஒண்ணை ஒண்ணு பாக்க விடாம பிரிக்கிற நேம்ஸ்பேஸ்னு வந்துச்சு, கூகுள் இன்ஜினியர்கள் 2006ல ஆரம்பிச்ச சிகுரூப் 2008 ஜனவரியில வந்த லினக்ஸ் 2.6.24 கெர்னல்ல சேந்துச்சு, எந்த புரோகிராமுக்கு எவ்வளவு ரேம், எவ்வளவு சிபியுன்னு அளந்து விடுறது இதுதான். இத்தனையும் இருந்தும் சாதாரண ஆளு தொட முடியாத மாதிரிதான் கிடந்துச்சு. சாலமன் ஹைக்ஸ்ங்கிறவர் 2013 மார்ச்ல பைத்தான் ஆளுங்களோட பைகான் மாநாட்டுல டாக்கரைக் காமிச்சப்போதான் ஒரு வரி கமாண்ட்ல எல்லாரும் பண்ணலாம்ங்கிற நிலைமை வந்துச்சு. இந்தக் கதையை ஏன் சொல்றேன்னா, நாம ஓட்டப்போற கன்டெய்னருக்கு லினக்ஸ் கெர்னல் கட்டாயம், விண்டோஸ்ல அது கிடையாது, அதனால விண்டோஸுக்கு அடியில ஒரு குட்டி லினக்ஸை ஓட்டியே ஆகணும். அந்த குட்டி லினக்ஸுக்குப் பேரு டபிள்யூஎஸ்எல் 2. உங்க ரேமை முழுங்குனது பெரும்பாலும் இதுதான், தன் போக்குல விட்டா மொத்த ரேம்ல பாதி வரைக்கும் எடுத்துக்கும், அதுக்கு மேல டாக்கர் டெஸ்க்டாப்போட ஜன்னல், அது பின்னாடி ஓட்டுற வேலைங்க எல்லாம் சேந்தா 8 ஜிபி எங்க பத்தும்.

டாக்கர் டெஸ்க்டாப் நல்ல சாஃப்ட்வேர்தான், குறை சொல்லல. சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், 250 பேருக்குக் கீழ ஆளும், வருஷ வருமானம் 1 கோடி டாலருக்குக் கீழயும் இருக்கிற கம்பெனிக்கும் இலவசம். ரேம் 16 ஜிபி வச்சிருக்கிறவங்க தாராளமா அதையே போட்டுக்கலாம், பட்டனைத் தட்டினா வேலை முடிஞ்சுது. உங்க மெஷினுக்கு நான் சொல்றது வேற, டபிள்யூஎஸ்எல்ல உபுண்டுங்கிற லினக்ஸைப் போட்டு அதுக்குள்ள, கன்டெய்னரை ஓட்டுற பாகமான டாக்கர் இன்ஜினை மட்டும் போடுங்க. இறக்கவேண்டியதும் குறையும், ரேமும் மிச்சமாகும், நாளைக்கு ஒரு சர்வர்ல வேலை பாக்கப் போனா அங்கயும் இதே கமாண்ட்தான்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு பக்கம் பாருங்க, கீழ வெர்ச்சுவலைசேஷன்னு ஒரு வரி இருக்கும், எனேபிள்டுன்னு இருந்தா சரி. டிசேபிள்டுன்னு இருந்தா மெஷினை ஆன் பண்ணும்போதே மெஷினோட அடிப்படை செட்டிங் இருக்கிற பயாஸுக்குள்ள போகணும், டெல்லுக்கு எஃப்2, எச்பிக்கு எஃப்10, மத்ததுல எஃப்2 இல்லேன்னா டெலீட். இன்டெல் சிபியுன்னா இன்டெல் வெர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜின்னு இருக்கும், ஏஎம்டின்னா எஸ்விஎம் மோட், அதை ஆன் பண்ணி சேவ் பண்ணிட்டு வெளிய வாங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் போட்டிருக்கிற மெஷின்னா பயாஸைத் தொடுறதுக்கு முன்னாடி ரிக்கவரி கீயை எழுதி வச்சுக்கங்க, பயாஸ்ல கை வச்சா சில சமயம் அடுத்த தடவை ஆன் ஆகும்போது அதைக் கேட்டு நிக்கும், அந்த நேரம் பாத்து நெட் இல்லேன்னா திண்டாட்டம்.

அடுத்தது பவர்ஷெல்லை ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா திறந்து, டபிள்யூஎஸ்எல் ரெட்டை டேஷ் இன்ஸ்டால்னு அடிங்க. விண்டோஸ் 10ல 2004 வெர்ஷனோ அதுக்கு மேலயோ இருந்தா போதும், ஹோம் எடிஷன்லயும் ஓடும், புரோ வேணும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இதுவே உபுண்டுவையும் சேத்து இறக்கும், பெரிய டவுன்லோடு இது, கரண்ட் இருக்கிற முறையில, போன்ல டேட்டா இருக்கிறப்போ, ராத்திரி நேரத்துல வச்சுக்கங்க. முடிஞ்சதும் ரீஸ்டார்ட், அப்புறம் உபுண்டு திறந்து யூசர் பேரும் பாஸ்வேர்டும் கேக்கும். பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில ஒண்ணுமே தெரியாது, அது அப்படித்தான், கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு நினைக்காம அடிச்சு என்டர் தட்டுங்க.

உடனே ரேமுக்கு கடிவாளம் போட்டுருங்க. சி டிரைவ்ல யூசர்ஸுக்குள்ள உங்க பேர்ல இருக்கிற ஃபோல்டர்ல புள்ளி டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்ங்கிற பேர்ல ஒரு ஃபைல் வேணும், முதல் எழுத்தே புள்ளி. நோட்பேட்ல எழுதினா பேருக்குப் பின்னாடி டிஎக்ஸ்டின்னு ஒட்டிக்கும், சேவ் பண்ணும்போது ஆல் ஃபைல்ஸ்னு மாத்திக்கங்க, இல்லேன்னா அந்த ஃபைலை அது கண்டுக்கவே கண்டுக்காது. உள்ள முதல் வரியில சதுர அடைப்புக்குறி போட்டு அதுக்குள்ள டபிள்யூஎஸ்எல்2, ரெண்டாவது வரியில மெமரி ஈக்வல் 3ஜிபி. பவர்ஷெல்ல டபிள்யூஎஸ்எல் ரெட்டை டேஷ் ஷட்டவுன் அடிச்சுட்டு உபுண்டுவைத் திரும்பத் திறந்தா 3 ஜிபிக்கு மேல எடுக்காது. உங்க வேலைக்கு இது தாராளம், பிரௌசருக்கும் எடிட்டருக்கும் மிச்சம் 5 இருக்கு.

இப்ப உபுண்டுக்குள்ள டாக்கர், இதுல சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டுன்னு அர்த்தம். சூடோ ஆப்ட் அப்டேட், அது முடிஞ்சதும் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர் புள்ளி ஐஓ, அதே வரியில ஒரு இடைவெளி விட்டு டாக்கர் டேஷ் கம்போஸ் டேஷ் வி2. உபுண்டுவே தர்ற பேக்கேஜ் இது, டாக்கர் கம்பெனி தர்றதை விட வெர்ஷன் கொஞ்சம் பின்தங்கி இருக்கும், கத்துக்கிறதுக்கு அதனால ஒரு குறையும் வராது. அப்புறம் சூடோ யூசர்மாட் டேஷ் ஏஜி டாக்கர்னு அடிச்சு பக்கத்துல உங்க யூசர் பேர், இந்த ஏஜில ஏ சின்ன எழுத்து, ஜி மட்டும் பெரிய எழுத்து. ஒவ்வொரு தடவையும் சூடோ போடாம இருக்கத்தான் இது, ஆனா அந்த குரூப்ல இருக்கிற ஆளுக்கு அந்த லினக்ஸ் முழுசுக்கும் ரூட் அதிகாரம் கிடைச்ச மாதிரின்னு தெரிஞ்சு பண்ணுங்க, உங்க சொந்த லேப்டாப்ல பரவாயில்ல, நாலு பேர் உக்காந்து எழுந்திரிக்கிற கடை மெஷின்ல வேண்டாம். உபுண்டுவை மூடித் திறந்துட்டு டாக்கர் ரன் ஹலோ டேஷ் வேர்ல்டுன்னு அடிங்க, இந்த இமேஜ் சில கேபிதான், டேட்டாவைப் பத்தி யோசிக்கவே வேண்டாம். ஹலோ ஃப்ரம் டாக்கர்னு வந்துருச்சுன்னா எல்லாம் சரி. பின்னாடி ஓடுற டாக்கர் டீமனை கனெக்ட் பண்ண முடியலைன்னு வந்தா சூடோ சர்வீஸ் டாக்கர் ஸ்டார்ட் அடிச்சுப் பாருங்க, பெர்மிஷன் டினைடுன்னு வந்தா குரூப் வேலை இன்னும் பிடிக்கல, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் பண்ணித் திறங்க.

ஒரு விஷயம் நிறைய பேருக்கு புரியாம தலையைப் பிச்சுக்குவாங்க, இந்த வழியில டாக்கர் போட்டா உபுண்டு ஜன்னலை மூடின கொஞ்ச நேரத்துல டபிள்யூஎஸ்எல்லும் படுத்துக்கும், அதோட கன்டெய்னர் எல்லாம் நின்னுரும். அதனால வேலை நடக்கிற வரைக்கும் அந்த ஜன்னலை மினிமைஸ் பண்ணி வைங்க, மூடாதீங்க.

எதையும் பெருசா இறக்குறதுக்கு முன்னாடி நம்ம நெட்டுக்காக ஒரு செட்டிங். இமேஜ்ங்கிறது ஒரே ஃபைல் இல்ல, லேயர் லேயரா இருக்கும், டாக்கர் ஒரே நேரத்துல மூணு லேயரை இறக்கும். நல்ல நெட்டுல அது வேகம், ஹாட்ஸ்பாட்ல மூணும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு மூணும் டைம்அவுட் ஆகும், இறக்கின டேட்டா வீண். ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் டாக்கர் ஃபோல்டர்ல டீமன் புள்ளி ஜேசான்ங்கிற ஃபைலை உண்டாக்கி, சுருள் அடைப்புக்குறிக்குள்ள, மேக்ஸ் டேஷ் கன்கரன்ட் டேஷ் டவுன்லோட்ஸ்ங்கிறதை ரெட்டை மேற்கோள்ல போட்டு, கோலன், 1. சேவ் பண்ணிட்டு சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் டாக்கர். அதுக்கப்புறம் ஒவ்வொரு லேயரா பொறுமையா வரும். இமேஜெல்லாம் கிடைக்கிற டாக்கர் ஹப்ல அக்கவுண்ட் இல்லாம இறக்கினா ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்துக்கு 100 இமேஜ்னு அளவு வச்சிருக்காங்க, மொபைல் நெட்டுல நிறைய பேர் ஒரே ஐபியில வர்றதால நீங்க ஒண்ணும் இறக்காமலே டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்னு வர வாய்ப்பு இருக்கு. இலவச அக்கவுண்ட் ஒண்ணு தொடங்கி டாக்கர் லாகின் அடிச்சுட்டா கணக்கு உங்க பேர்ல வரும், அளவும் 200 ஆகும்.

எந்த இமேஜை இறக்குறதுங்கிறதுலயும் நிறைய மிச்சம் பிடிக்கலாம். வெறுமன பைத்தான்னு இறக்கினா விரிச்சா ஏறக்குறைய 1 ஜிபி வரும், பைத்தான் கோலன் 3.12 டேஷ் ஸ்லிம்னு கேட்டா அதுல ஏழுல ஒரு பங்கு கூட வராது, உங்களுக்கு ஸ்லிம்லயே எல்லாம் ஓடும். வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் ரெண்டுக்கும், கோலனுக்குப் பின்னாடி வர்ற வெர்ஷன் பேர்ல, அதாவது டேக்ல, அல்பைன்ங்கிற சின்ன லினக்ஸ் பேர் இருக்கிறதைப் பாத்து எடுங்க. பைத்தானுக்கு மட்டும் அல்பைன் வேண்டாம்னு சொல்வேன், சில லைப்ரரிக்கு ரெடிமேடா கிடைக்காம கம்பைல் பண்ண உக்காந்துரும், 8 ஜிபி மெஷின்ல அது பெரிய பாடு. லேட்டஸ்ட்ங்கிற டேக் பக்கமே போகாதீங்க, அது இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு. போஸ்ட்கிரெஸ் 18ல டேட்டா வைக்கிற ஃபோல்டரையே மாத்திட்டாங்க, லேட்டஸ்ட்னு போட்டு வச்சவங்களுக்கு பழைய டேட்டாவோட புது வெர்ஷன் ஓடாம நின்னுச்சு. நம்பர் போட்டு இறக்கினா இந்தத் தொல்லை இல்ல.

முதல் பயிற்சியா ஒண்ணு செஞ்சு பாருங்க. டாக்கர் ரன் டேஷ் டி டேஷ் பி 127.0.0.1 கோலன் 8080 கோலன் 80 ரெட்டை டேஷ் நேம் கடை என்ஜின்எக்ஸ் கோலன் அல்பைன். கடைங்கிற பேரை இங்கிலீஷ் எழுத்துலதான் வைக்கணும். விண்டோஸ் பிரௌசர்ல லோக்கல்ஹோஸ்ட் கோலன் 8080 போனா ஒரு வெல்கம் பக்கம் வரும். டேஷ் டின்னா பின்னாடி ஓடு, டேஷ் பின்னா வெளி போர்ட்டை உள் போர்ட்டோட இணை, இடது பக்கம் உங்க மெஷின், வலது பக்கம் கன்டெய்னர். முன்னாடி 127.0.0.1 போடச் சொன்னது காரணமாத்தான், அது இல்லாம போட்டா அந்த லினக்ஸோட எல்லா நெட்வொர்க் பக்கமும் அந்த போர்ட்டு திறக்கும், நாளைக்கு நேரா உபுண்டு போட்ட மெஷினோட டீக்கடை வைஃபையில உக்காந்திருக்கும்போது உங்க டேட்டாபேஸ் பக்கத்து டேபிளுக்கும் தெரியற நிலைமை வரலாம். இப்ப டாக்கர் பிஎஸ்னு அடிங்க, ஓடுறது தெரியும். டாக்கர் லாக்ஸ் கடைன்னு அடிங்க, நீங்க பிரௌசர்ல திறந்தது அங்க வரியா பதிவாயிருக்கும். டாக்கர் எக்ஸெக் டேஷ் ஐடி கடை எஸ்எச்னு அடிச்சா உள்ளுக்கே போயிரலாம், எல்எஸ் அடிச்சுப் பாருங்க, எக்ஸிட்னு வெளிய வாங்க. டாக்கர் ஸ்டாப் கடை, டாக்கர் ஆர்எம் கடை, அவ்வளவுதான், திரும்ப ரன் போட்டா நெட் இல்லாமலே நொடியில வரும். ஒரு சாயங்காலம் இதையே திரும்பத் திரும்பச் செஞ்சாலே கை பழகிரும்.

இனி கடைக் கணக்கு. உளுந்து எத்தனை மூட்டை வந்துச்சு, எத்தனை வீசை சில்லறையில போச்சு, யாருக்கு எவ்வளவு பாக்கி, இதெல்லாம் போஸ்ட்கிரெஸ் கன்டெய்னருக்குள்ள எழுதினீங்கன்னா, முன்ன சொன்ன மாதிரி, கன்டெய்னரை ஆர்எம் பண்ணிட்டு புதுசா ஓட்டினா அதுல அப்பாவோட கணக்கு ஒண்ணுமே இருக்காது. அதுக்குத்தான் வால்யூம், கன்டெய்னருக்கு வெளிய டாக்கர் வச்சுக்கிற சேமிப்பு இடம் இது. டாக்கர் வால்யூம் கிரியேட் கணக்குன்னு ஒண்ணு உண்டாக்கி, போஸ்ட்கிரெஸ் 16 அல்பைனை ஓட்டும்போது டேஷ் வி கணக்கு கோலன் ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லிப் ஸ்லாஷ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஸ்லாஷ் டேட்டான்னு சேத்துக்கங்க, டேஷ் இ போட்டு போஸ்ட்கிரெஸ் அடிக்கோடு பாஸ்வேர்டு ஈக்வல்னு ஒரு பாஸ்வேர்டும் குடுக்கணும், இது மட்டும் முழுக்க பெரிய எழுத்து, அது இல்லாம ஓடாது. இப்ப கன்டெய்னரை எத்தனை தடவை அழிச்சு ஓட்டினாலும் டேட்டா வால்யூம்ல பத்திரமா கிடக்கும். நம்புறதுக்கு ஒரே வழி சோதிச்சுப் பாக்குறதுதான், நிஜக் கணக்கு ஏத்துறதுக்கு முன்னாடி பொய்யா ரெண்டு வரி ஏத்தி, கன்டெய்னரை அழிச்சு, திரும்ப ஓட்டி, அந்த ரெண்டு வரி இருக்கான்னு உங்க கண்ணால பாருங்க.

பட்டுன்னு கரண்ட் போற விஷயம். போஸ்ட்கிரெஸ் எந்த மாத்தத்தையும் முதல்ல ஒரு லாக்ல எழுதிட்டுத்தான் டேபிள்ல கை வைக்கும், அதனால திடீர்னு அணைஞ்சாலும் அடுத்த தடவை ஆன் ஆகும்போது அந்த லாக்கைப் பாத்து தன்னைத்தானே சரி பண்ணிக்கும். ஆனா டபிள்யூஎஸ்எல்லோட மொத்த டிஸ்க்கும் விண்டோஸுக்கு ஒரே ஒரு பெரிய ஃபைல்தான், அந்த ஒண்ணு கெட்டா உள்ள இருக்கிற எல்லாம் போச்சு. அதனால தினமும் கடை சாத்துறப்போ டாக்கர் எக்ஸெக், கன்டெய்னர் பேர், பிஜி அடிக்கோடு டம்ப், டேஷ் யு போஸ்ட்கிரெஸ், திரும்ப போஸ்ட்கிரெஸ்னு அடிச்சு, இந்த யு மட்டும் பெரிய எழுத்து, வலது அம்புக்குறி போட்டு ஸ்லாஷ் எம்என்டி ஸ்லாஷ் சிக்கு கீழ ஒரு ஃபோல்டர்ல அன்னைக்கு தேதி போட்ட ஃபைலா எழுதிருங்க. அதை பென்டிரைவ்ல ஒரு காப்பி. ரெண்டு நிமிஷ வேலை, அப்பா நிம்மதியா தூங்குவார். லேப்டாப் பேட்டரி செத்துப்போய் நேரா பிளக்குல ஓட்டுறவரா இருந்தா, புது ரேம் வாங்குறதுக்கு முன்னாடி பேட்டரியை மாத்துங்க.

அப்புறம் பென்டிரைவ். நம்ம ஊருக்கு இதுதான் பெரிய உதவி, எந்தப் பாடத்துலயும் இதை முதல்ல சொல்றதில்ல. டாக்கர் சேவ் டேஷ் ஓ மூட்டை புள்ளி டார்னு அடிச்சு, பக்கத்துல இமேஜ் பேரையெல்லாம் வரிசையா குடுத்தா அத்தனையும் ஒரே ஃபைலா கட்டிக் குடுத்துரும், பேரெல்லாம் டேகோட குடுங்க. இன்னொருத்தர் மெஷின்ல டாக்கர் லோட் டேஷ் ஐ மூட்டை புள்ளி டார், முடிஞ்சுது, ஒரு எம்பி கூட நெட் வேண்டாம். ஜிசிப் பண்ணிச் சுருக்கினாலும் லோட் அப்படியே எடுத்துக்கும். ரங்கூன்ல ஃபைபர் வச்சிருக்கிற ஒருத்தர் ஒரு தடவை இறக்கி, பெகு, தட்டோன், மோல்மீன் பக்கம் படிக்கிற பசங்களுக்கு பஸ்ல பார்சல் போட்டா பத்து பேர் பேக் காசு மிச்சம். டபிள்யூஎஸ்எல்லயே போட்டு முடிச்ச உபுண்டுவையும் டபிள்யூஎஸ்எல் ரெட்டை டேஷ் எக்ஸ்போர்ட்னு ஒரு ஃபைலாக்கி, அடுத்தவர் இம்போர்ட் பண்ணிக்கலாம், குடுக்கிறதுக்கு முன்னாடி உங்க பாஸ்வேர்டு, டாக்கர் லாகின் எதுவும் உள்ள இல்லாத சுத்தமான உபுண்டுவா பாத்து குடுங்க. பென்டிரைவ் எஃப்ஏடி32ல ஃபார்மேட் ஆகியிருந்தா 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்திக்கங்க. டிரைவைச் சொருகினதும் உபுண்டுல தேடினா தெரியாம போகலாம், முதல்ல சி டிரைவுக்கு காப்பி பண்ணிட்டு எம்என்டி சி வழியா எடுங்க. குடுக்கிறவர் புது மேக்புக் வச்சிருக்கார்னா கவனம், அதோட சிப்பு ஏஆர்எம், அதுல சாதாரணமா இறக்கின இமேஜ் உங்க இன்டெல் மெஷின்ல ஓடாது, புல் பண்ணும்போதே ரெட்டை டேஷ் பிளாட்ஃபார்ம் லினக்ஸ் ஸ்லாஷ் ஏஎம்டி64னு போடச் சொல்லுங்க. முன்ன பின்ன தெரியாதவங்க குடுக்கிற டார் ஃபைலை மட்டும் ஏத்தாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது.

உங்க சொந்த புரோகிராமுக்கு, இமேஜை எப்படிக் கட்டணும்னு சொல்ற டாக்கர்ஃபைல் எழுதும்போது வரிசைதான் காசு. எல்லாரும் முதல்ல எழுதுற மாதிரி எல்லா ஃபைலையும் காப்பி பண்ணிட்டு அப்புறம் பிப் இன்ஸ்டால்னு போட்டா, நீங்க புரோகிராம்ல ஒரு கமா மாத்தினாக்கூட பில்டு பண்ணும்போது அத்தனை லைப்ரரியும் திரும்ப நெட்ல இருந்து இறங்கும். டாக்கர் மேல இருந்து ஒவ்வொரு வரியா பாத்து, எந்த வரியில மாத்தம் இருக்கோ அங்க இருந்து கீழ எல்லாத்தையும் புதுசா பண்ணும், அதுக்கு மேல இருக்கிறதை பழைய கேஷ்ல இருந்து எடுத்துக்கும். அதனால ஃப்ரம் பைத்தான் ஸ்லிம், வொர்க்டிர், அப்புறம் ரிக்வயர்மென்ட்ஸ் புள்ளி டிஎக்ஸ்டி ஒண்ணை மட்டும் காப்பி, அதுக்குக் கீழ ரன் பிப் இன்ஸ்டால், அதுக்கும் கீழதான் மத்த ஃபைல் எல்லாம் காப்பி, கடைசியா சிஎம்டி. இப்படி வச்சா புது லைப்ரரி சேக்குற அன்னைக்கு மட்டும்தான் நெட் வேணும், மத்த நாள் கரண்ட் மட்டும் இருந்தா போதும். இந்த ப்ராஜெக்ட் ஃபோல்டரை உபுண்டுவோட ஹோமுக்குள்ளயே வைங்க, எம்என்டி சிக்குள்ள வச்சு ஓட்டினா விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவுல ஒவ்வொரு ஃபைலும் போய் வர்றதுல ரொம்ப மெதுவாயிரும்.

நம்ம ஊருக்குன்னே ரெண்டு விஷயம். கன்டெய்னர் எல்லாம் யுடிசிங்கிற உலகப் பொது நேரத்துல ஓடும், நம்ம நேரம் அதுல இருந்து ஆறரை மணி நேரம் முன்னாடி. கவனிக்காம விட்டா காலையில 6 மணிக்கு இறங்கின சரக்கு முந்தின நாள் தேதியில ஏறும், மாசக் கடைசியில கணக்கு இடிக்கும். டேஷ் இ போட்டு பெரிய எழுத்துல டிஇசட் ஈக்வல், அப்புறம் ஏஷியா ஸ்லாஷ் யாங்கோன்னு குடுங்க, ஏ-யும் ஒய்-யும் பெரிய எழுத்து. அல்பைன் இமேஜ்ல டிஇசட்டேட்டாங்கிற பேக்கேஜ் இல்லேன்னா அது இந்தப் பேரைப் புரிஞ்சுக்காது, டேட் கமாண்ட் அடிச்சு நேரம் சரியா இருக்கான்னு பாத்துக்கங்க. இன்னொண்ணு, பில்லை பிடிஎஃப் ஆக்கும்போது தமிழும் பர்மீஸும் கட்டம் கட்டமா வரும், உங்க லேப்டாப்ல எழுத்து நல்லாத்தானே தெரியுதுன்னு தோணும், ஸ்லிம் இமேஜுக்குள்ள எந்த ஃபான்ட்டும் கிடையாது, அதான் காரணம். டாக்கர்ஃபைல்ல ஆப்ட் டேஷ் கெட் வழியா ஃபான்ட்ஸ் டேஷ் நோட்டோ டேஷ் கோர்னு போட்டா ரெண்டு மொழிக்கும் எழுத்து வந்துரும். அந்த வரியை பிப் வரிக்கும் மேல வைங்க, ஒரு தடவை இறங்கினா போதும்.

டிஸ்க் நிறைஞ்சு போச்சுன்னா டாக்கர் சிஸ்டம் டிஎஃப் அடிச்சு எது எவ்வளவு பிடிச்சிருக்குன்னு முதல்ல பாருங்க. நெட்ல தேடினா எல்லாரும் டாக்கர் சிஸ்டம் புரூன் டேஷ் ஏ அடின்னுதான் சொல்வாங்க, தயவுசெஞ்சு அடிக்காதீங்க, அந்த டேஷ் ஏ எந்த கன்டெய்னரும் எடுத்து வச்சிராத இமேஜ் அத்தனையையும் துடைச்சுரும், பேக் போட்டு இறக்கினதெல்லாம் அதோட போகும். வேண்டாத இமேஜை ஒவ்வொண்ணா டாக்கர் ஆர்எம்ஐ போட்டு எடுங்க. பல கன்டெய்னரை ஒண்ணா ஓட்டுற கம்போஸ் கத்துக்கிட்டதுக்கப்புறம் டவுன் கமாண்டோட டேஷ் வி சேக்காதீங்க, வால்யூமும் சேந்து போயிரும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட இலவச சப்போர்ட்டை நிறுத்திருச்சு. மேல சொன்னதெல்லாம் அதுல இப்பவும் ஓடும், ஆனா உங்க மெஷின் 11 ஏத்துக்காதுன்னா, டாக்கர் கை பழகினதுக்கப்புறம் நேரா உபுண்டுவையே மெஷின்ல போடுறதைப் பத்தி யோசிங்க. டபிள்யூஎஸ்எல், ரேம் கடிவாளம் எதுவும் வேண்டியதில்ல, 8 ஜிபி முழுசும் உங்க கையில, கமாண்ட் எல்லாம் இதே கமாண்ட்.

முதல்ல ஹலோ வேர்ல்டு வரைக்கும் வந்துட்டு சொல்லுங்க தம்பி. எங்கயாவது நின்னுச்சுன்னா டபிள்யூஎஸ்எல் டேஷ் எல் டேஷ் வி, டாக்கர் வெர்ஷன், டாக்கர் பிஎஸ் டேஷ் ஏ, இந்த மூணும் என்ன காமிக்குதுன்னு அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, ஸ்கிரீனை போன்ல போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், எழுத்தா இருந்தாத்தான் எது எங்க தப்புன்னு பாத்துச் சொல்ல முடியும்.